துணையாளுக்கு ரயில் சலுகை: டிக்கெட் வரைக்கும் தாராளம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ கருத்தரங்கு அழைப்பு வந்தால், செலவு இரண்டு ஆளுக்கு. அந்த இரண்டாவது ஆளின் செலவில் ரயில்வே எவ்வளவு தாங்குகிறது என்று கணக்குப் போட்டால், பயணச்சீட்டில் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் கார் ஆகியவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் 75% தள்ளுபடி. இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50%. கூட வருகிற ஒருவருக்கும் அதே தள்ளுபடி. முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் மட்டும் முழுசாகக் கட்டணும். ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100, முன்பதிவு 20, சூப்பர்ஃபாஸ்ட் 30, மொத்தம் 150. இரண்டு பேருக்கும் சேர்த்து 300. சலுகை இல்லாத ஒருவர் தனியாகப் போனாலே 450 ஆகும்.

சிக்கல் யாருக்குக் கிடைக்கும் என்பதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ரயில்வேயின் இந்தப் பட்டியலில் நான்கே வகை: துணையில்லாமல் பயணிக்க முடியாத கை கால் இயக்கக் குறைபாடுள்ளவர், அதே நிலையில் உள்ள அறிவுசார் குறைபாடுள்ளவர், முழுப் பார்வையின்மை உள்ளவர், கேட்கவும் பேசவும் இரண்டுமே இயலாதவர். கடைசி வகைக்கு 50% மட்டும், அதுவும் ஏசி இல்லாத வகுப்புகளில். குறைபார்வை உள்ளவருக்கு இல்லை. காது கேட்காமல் பேசத் தெரிந்தவருக்கும் இல்லை.

சலுகைக்கான ரயில்வே அடையாள அட்டைக்குப் போடும் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் மருத்துவச் சான்றால்தான். ஊனச் சான்றில் 80% என்று இருந்தாலும் போதாது. ரயில்வேக்கென்று தனிப் படிவம் உண்டு; ‘துணையின்றிப் பயணிக்க இயலாதவர்’ என்பதை அரசு மருத்துவர் அதில் சான்றளிக்க வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் பாதி புகைப்படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழணும். அடித்துத் திருத்தினால் அந்தத் தாள் செல்லாது; புதுப் படிவத்தில் முதலிலிருந்து எழுதி வாங்குங்கள். இதை வைத்து வாங்கும் அடையாள அட்டைக்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பின்னாளில் வந்த தண்டவாளமோ திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. அதனால் நாகர்கோவில்காரர்கள் மதுரைக் கோட்டத்தில் போய் நிற்க வேண்டாம். பயணத்தில் அட்டையின் அசல் கையில் இருக்கட்டும்.

தட்கலில் சலுகை கிடையாது. அழைப்பைப் பத்து நாள் முன்னால் அனுப்பும் அமைப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை. வந்தே பாரத்திலும் கிடையாது. சக்கர நாற்காலிக்கு இடமும் அகலமான கழிப்பறையும் அந்த ரயிலின் இரு முனைப் பெட்டிகளில்தான் ஒழுங்காக இருக்கின்றன. 2024 முதல் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஓடுகிறது. ஆனால் அதில் இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம். இதற்கு என்ன நியாயம் என்று புரியவில்லை.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஸ்லீப்பரில் ஒரு ரயிலுக்கு 4 பெர்த், இரண்டு கீழ், இரண்டு நடு. அதாவது இரண்டு ஜோடி. ஒரே அமைப்பிலிருந்து ஐந்து பேர் போனால் மற்றவர்கள் பொது ஒதுக்கீட்டில் எடுக்கணும். சலுகை அங்கேயும் உண்டு, கீழ் பெர்த்துக்குத்தான் உறுதி இல்லை. இரவில் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியவருக்கு இரண்டாவது துணையாள் முழுக் கட்டணப் பயணிதான்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு துணையாளுக்கும் இலவசம். களியக்காவிளை தாண்டி கேரள பஸ்ஸில் ஏறினால் அது செல்லாது.

இனி ரயில்வே தொடாத செலவு. அழைப்பை ஏற்கும் முன்பே அமைப்பாளருக்கு எழுதி ஒப்புதல் வாங்குங்கள்: துணையாளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லாத அட்டை, சாப்பாடு, ஒரே அறையில் தனிக் கட்டில், நாள்கூலி. இரண்டு நாள் கருத்தரங்கு என்றால் அவர்கள் இரண்டு நாளுக்குக் கூலி போடுவார்கள். முந்தின நாள் கிளம்பி மறுநாள் திரும்புகிறவருக்கு அது நான்கு நாள். ஹோம் நர்ஸ் பயண நாளுக்கும் சம்பளம் கேட்பார், கேட்பது சரிதான். அண்ணனோ மனைவியோ வந்தால் ‘வீட்டு ஆள்தானே’ என்று கூலியை வெட்டுவார்கள். அவர்கள் விட்டுவிட்டு வரும் ரப்பர் பால்வெட்டுக்கு அன்றைய வருமானம் போச்சு. அதை நாள்கூலிக் கணக்கிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். திருப்பித் தருகிறோம் என்றால் கல்லூரிக் கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி பில் கேட்கும். தனியாக வேலை பார்க்கும் ஹோம் நர்ஸிடம் அது இருக்காது. கையெழுத்திட்ட வவுச்சர் போதுமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கணும்; இரண்டு ஸ்டாம்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.