ஆங்கிலக் கட்டுரைக்கு எது உதவும்: தெசாரஸா, கற்போர் அகராதியா?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாம் எழுத்துப் பணியான கட்டுரையில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். அந்தப் பணியின் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. தயாராகும்போது தெசாரஸைப் (ஒத்த பொருள் தரும் சொற்களின் தொகுப்பு) புரட்டுவதா, கற்போர் அகராதியைப் (ஆங்கிலம் கற்பவர்களுக்கென எழுதப்பட்ட அகராதி) புரட்டுவதா என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேகம்:
தெசாரஸ் – ஒரே பார்வையில் ஏராளமான சொற்கள்.
அகராதி – ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

பொருத்தம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். 'சீப்' என்று தேடினால் தெசாரஸ் 'இன்எக்ஸ்பென்சிவ்', 'ஷாடி' இரண்டையும் தரும். முதலாவது விலை குறைவைச் சொல்கிறது, அடுத்தது மட்டமான தரத்தை. ஏழைகளுக்கு மலிவான வீடுகள் வேண்டும் என்று வாதாட வந்தவர் 'ஷாடி' போட்டால், மட்டமான வீடுகளைக் கேட்டதாகிவிடும்! கற்போர் அகராதி பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதும் அதில் தெரியும்: மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. இத்தகைய இணைகளை எப்போதும் தமிழிலிருந்து ஊகித்துவிட முடியாது. பார்த்துத்தான் பழக வேண்டும்.

எளிமை: லாங்மேன் என்ற கற்போர் அகராதி சுமார் 2,000 அடிப்படைச் சொற்களை வைத்தே விளக்கம் எழுதுகிறது. தெசாரஸில் விளக்கம் குறைவு.

சரி, யாருக்கு எது? ஆங்கிலத்தில் நிறைய வாசித்தவர், தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிக்கும்போது தெசாரஸை எடுக்கலாம். இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு அகராதிதான் என் தேர்வு. தெசாரஸில் புதுச் சொல் கண்ணில் பட்டால், அகராதியில் சரிபார்த்த பிறகே கட்டுரையில் சேருங்கள்.