யமஹா ஒய்பிஎல்-830 பாஸ் டிராம்போன்: இரண்டு ஆண்டு வாசித்த பின்

டிராம்போன் என்பது, ஸ்லைடு என்னும் நகரும் குழாயை நீட்டிச் சுருக்கிச் சுரம் மாற்றி ஊதும் பித்தளை வாத்தியம். அதன் வழக்கமான வகையான டெனார் டிராம்போனிலிருந்து, கீழ்ச்சுரங்களுக்கான பாஸ் டிராம்போனுக்கு மாறுகிறவர்கள், இதைச் சற்றுப் பருத்த டெனார் என்றே முதலில் எண்ணுகிறார்கள். இரண்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அடிப்படைக் குழாயின் நீளமும் ஒன்றுதான். ஆனால் 14.3 மில்லிமீட்டர் உள்விட்டமும் ஒன்பதரை அங்குல பெல்லும் (ஒலி வெளிவரும் விரிந்த வாய்) கொண்ட 830-க்குள் மூச்சு போகும் விதமே வேறு.

இதன் உயிர், கூடுதல் குழாயைச் சேர்த்துச் சுருதியை இறக்கும், ஒன்றையொன்று சாராமல் இயங்கும் இரண்டு வால்வுகளில் இருக்கிறது. வால்வு இல்லாத டெனாரில் ஸ்லைடை முழுக்க நீட்டினாலும் ஈ வரைதான் இறங்க முடியும். அதற்கும், கீழே பெடல் சுரங்கள் (குழாயின் ஆக அடியிலுள்ள அடிப்படைச் சுரங்கள்) தொடங்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. 1839-இல் லைப்சிக் நகரில் வாத்தியம் செய்பவரான சாட்லர் சேர்த்த, சுருதியை எஃப்-க்கு இறக்கும் எஃப் வால்வு அதைப் பெரும்பாலும் அடைத்தது. என்றாலும், எஃப் குழாயும் சேர்ந்தபின் ஸ்லைடின் நீளம் போதாததால், பெடலுக்கு அரைச்சுரம் மேலே உள்ள பி மட்டும் எட்டாமலே நின்றது. 830-இல் இடது கட்டைவிரலால் எஃப் வால்வையும் நடுவிரலால் ஜி ஃபிளாட் வால்வையும் சேர்த்து அழுத்தினால், வாத்தியம் டி சுருதிக்கு இறங்கி, அந்த பி எளிதில் கைக்கு வருகிறது.

உரத்து முழங்குவதை வைத்து பாஸ் டிராம்போனை மதிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியில் டிராம்போன்களை மூன்று பகுதிகள் முழுதும் பேசாமல் உட்கார வைத்து, நான்காவதில்தான் அந்த மென்மையான கோரலை (தேவாலயப் பாடல் போன்ற இசை) அவற்றிடம் கொடுக்கிறார். மூவர் சேர்ந்து அதை வாசித்துப் பார்த்தபோது, கீழ்க்குரல் அதட்டாமல், மேலிரு குரல்களுக்கும் தரையாக விரிந்து நின்றது. நெல்சன் ரிடில் இசை அமைத்த, பாடகர் சினாட்ராவின் இசைத்தட்டுகளில் பாஸ் டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் ராபர்ட்ஸ் இதே வகை வாத்தியத்தைப் பாட வைத்திருப்பதைக் கேட்டவர்களுக்கு, அந்த மென்மை எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

இரட்டை வால்வு வாத்தியங்கள் எல்லாமே கனமானவை. முழுப் பாரமும் இடக்கையில் இறங்குவதால், கைப்பட்டை ஒன்றையும் சேர்த்தே வாங்குவது நல்லது. உங்கள் குழுவில் நீங்கள் வாசிக்கும் இசைப் பகுதிகள் கீழ் சி-யைத் தாண்டி இறங்குவதில்லை என்றால், ஒற்றை வால்வே போதும், செலவும் குறையும். இசைக்குழுவில் மூன்றாவது டிராம்போன் நாற்காலியில் நிலையாக அமரப் போகிறவர்களுக்கு 830-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.