சூரைக்கான மூங்கில் மிதவை: மூன்று பயணங்களுக்குப் பின் எழுதும் மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டறையில், சூரை (டூனா) மீனைக் கூட்டுவதற்கான மூங்கில் மிதவை ஒன்றைச் சென்ற பருவத்தில் 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். எங்கள் குடும்பத்துக்குத் தூத்தூர்ப் பகுதியில், கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் தூண்டில் படகு ஒன்று உண்டு. மூன்று பயணங்களில் மிதவையைக் கடலில் இறக்கி, மூன்று முறையும் தவறாமல் படகில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்த பிறகே இதை எழுதுகிறேன்.

இரண்டு மீட்டர் சதுரச் சட்டம்; முதிர்ந்த மூங்கில்; கட்டு முழுவதும் தும்புக்கயிறு. சட்டத்தின் நடுவிலிருந்து பத்துப் பாகம் (பாகம் என்பது சுமார் ஆறடி) நீளத்துக்குக் கயிறு தொங்குகிறது, அதில் பாகத்துக்கு ஒன்றாகத் தென்னை ஓலைக் கற்றைகள் கட்டப்பட்டிருக்கின்றன. முடிச்சுகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புநீரில் ஊறியதும் அவை இன்னும் இறுகின. ஆனால் இரண்டாம் பயணத்தில் ஒரு மூங்கிலின் கணு வெடித்து, உள்ளே நீர் புகுந்து, மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கொடிக்கம்பும் குட்டையானது என்பதால் அலை எழும்பும் நாளில் அரை மைலுக்கு அப்பால் அதைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்தது.

மீன் கூடுகிறதா என்றால், கூடுகிறது. முதலில் கிளாத்தியும் வேறு சிறுமீன்களும் வந்தன. சில நாட்களில், விடிவதற்கு முந்தைய வேளையில், சிறிய சூரை வகையான வரிச்சூரையின் கூட்டமும், அதனுடன் கலந்து, பெரிய சூரை வகையான கேரையின் இளமீன்களும் வந்து நின்றன. ஓயாமல் நீந்தியே வாழும் சூரை, மிதக்கும் ஒரு பொருளுக்காக ஏன் நிற்கிறது என்பதற்கு ஆய்வாளர்களிடம் ஒரே விடை இல்லை. ஆற்று முகங்களிலிருந்து அடித்துச் செல்லப்படும் மரத்துண்டுகள் இரை மிகுந்த நீர்ப்போக்கோடு சேர்ந்தே மிதப்பதால், மரத்தைத் தொடர்ந்தால் இரை கிடைக்கும் என்ற பழக்கம் மீனுக்கு உருவாகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. சிதறிய மீன்கள் மீண்டும் ஒரு கூட்டமாகச் சேர்வதற்கான சந்திப்பிடமாக மிதவை பயன்படுகிறது என்பது மற்றொன்று.

முதல் கருத்து சரியென்றால், அதிலிருந்தே ஒரு கவலையும் பிறக்கிறது. மனிதன் கட்டிவிடும் மிதவை இரையுள்ள இடத்தில்தான் மிதக்கும் என்ற உறுதி இல்லை. அப்படியிருக்க, மீன் அதை நம்பி இரையற்ற நீருக்கு இழுத்துச் செல்லப்படலாம். மார்சாக், ஃபோன்டெனோ, மெனார் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் இதை ஒரு சூழலியல் பொறி என்று விளக்கினார்கள். மிதவையடியில் பிடிபட்ட வரிச்சூரையும் கேரையும், தனித்துத் திரியும் கூட்டத்து மீன்களைவிட மெலிந்தும், பெரும்பாலும் வெறும் வயிற்றோடும் இருந்ததை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த மெலிவுக்கு மிதவைதான் காரணமா, அந்த நீரின் தன்மை காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எங்கள் படகின் தளத்தில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: மிதவையடியில் விடியற்காலையில் பிடித்த நான்கு மீன்களின் குடலை அறுத்தபோது மஞ்சள் நிறச் சளியைத் தவிர ஒன்றும் இல்லை, அதே வாரத்தில், பறவைக் கூட்டத்தைத் தொடர்ந்து சென்று பிடித்த மீனின் வயிற்றில் செரிக்காத கோலா மீன் இரண்டு, இறக்கை மடிந்தபடி கிடந்தன. நான்கு மீனை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றாலும், அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலவில்லை.

வாங்க நினைப்பவர்கள் மீனின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரிச்சூரை சுமார் 40 சென்டிமீட்டரிலேயே முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடுகிறது, ஆகவே அதைப் பிடிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கேரையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் வளர்ந்த பிறகுதான் இனம் பெருக்கும். மிதவையின் மேல்நீரில் எங்களுக்கு அகப்பட்டவை அதில் பாதியளவே இருந்தன. பெரிய கேரை மிதவைக்குக் கீழே ஆழத்தில் நிற்கும் என்பதால், மூன்றாம் பயணத்தில் பெரிய தூண்டிலை நன்றாகத் தாழ்த்தி இறக்கினோம். எண்ணிக்கை குறைந்தது, எடையும் விலையும் கூடின. இந்த மிதவையைப் பயன்படுத்த அதுவே சரியான முறை என்று கருதுகிறேன்.

அதே பட்டறையில், பழைய நைலான் வலையைச் சட்டத்தில் சுற்றித் தொங்கவிட்ட மலிவான வகையும் விற்கிறார்கள். அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தியப் பெருங்கடலில் இப்படி மிதவைகளில் தொங்கும் வலைகளில் சிக்கி ஆண்டுக்கு 4.8 லட்சம் முதல் 9.6 லட்சம் வரை சில்க்கி சுறாக்கள் மடிவதாக 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒருவர் கண்ணிலும் படாமல், ஒருவர் கைக்கும் வராமல் போகும் சுறா அது. சுறாத் தூண்டிலால் பேர்பெற்ற நம் ஊர்களுக்கு இந்த இழப்பின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சேஷல்ஸில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், வலையில்லாத மிதவையைத்தான் வலியுறுத்துகிறது. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக் கப்பல் ஒன்று ஒரே நேரத்தில் 300 மிதவைகளுக்கு மேல் கடலில் இயக்கக் கூடாது என்றும் 2019இல் வரம்பு வைத்தது. நூற்றுக்கணக்கான மிதவைகளோடு வரும் கப்பலுக்கு முன்னால் நம்முடைய ஒன்று சிறிதுதான், ஆனால் அதைக் கடலில் கைவிட்டு வராமல் திரும்ப ஏற்றுவது நம் கையில் இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கு இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன்: மூங்கில் முனைகளைக் கீல் பூசி அடைத்து, கொடிக்கம்பை இரண்டு மடங்கு உயர்த்தி, ஏற்றுவதற்கு வசதியாகச் சட்டத்தின் நான்கு மூலையிலும் கயிற்று வளையம் வைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகக் கூடுதலாகக் கேட்ட 800 ரூபாய் நியாயமானது.