குளிர்ந்த காலையில் பழைய டீசல் டிராக்டர்: 11 ஆண்டு அனுபவம்

என்னுடையது மூன்று சிலிண்டர் டிராக்டர். கைக்கு வந்தபோதே கிழம்தான். வெயில் நாளில் சாவியைத் திருப்பியதும் உறுமும். குளிர் விழுந்த காலையிலோ இழுத்து இழுத்துச் சுற்றும், வெள்ளைப் புகை தள்ளும், அடங்கிவிடும். முதல் 4 ஆண்டுகளில் 2 பேட்டரிகளை மாற்றினேன். பாவம், இரண்டின் மேலும் குற்றமே இல்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சுற்றும் வேகம் குறைந்தால் அந்தச் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர் சுவர் குடித்துவிடுகிறது, காற்றும் பிஸ்டன் ரிங் வழியே நழுவுகிறது. ஸ்டார்ட் ஆகாத இன்ஜின் விடும் வெள்ளைப் புகை எரியாத டீசல். டீசல் வருகிறது, சூடுதான் போதவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை, ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை காலைகள் ஸ்பேனரோடு வீணாகின!

ஒருநாள் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனைகளில் 10.8 வோல்ட், ஸ்டார்ட்டரில் 8.5தான். நடுவில் திருடியது பேட்டரியை டிராக்டரின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள். பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள், அடியில் துரு. உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, தடித்த கேபிளை நேராக ஸ்டார்ட்டர் போல்ட்டில் பூட்டினேன். மறுநாள் அது சுற்றிய வேகத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

குளிர் மாதங்களில் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலை விட்டு, குளிரில் அதைவிட இளகலாக இருக்கும் 15டபிள்யூ-40க்கு மாறியதும் உதவியது. கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்கிறேன். கியர்பாக்ஸில் உறைந்தாற்போல் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கு நிதானமாக 20 எண்ணுவேன். ஒரு முயற்சி 10 விநாடிக்கு மேல் இல்லை. பிறகு ஸ்டார்ட்டர் ஆற ஒன்றிரண்டு நிமிடம்.

இன்ஜினைக் கிளப்பக் காற்றுக்குழாயில் அடிக்கும், சட்டெனப் பற்றும் ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். அவசரத்தில் ஒருமுறை அடித்தேன். உள்ளே சம்மட்டி விழுந்தாற்போல் சத்தம். ஈதர் நேரங்கெட்ட நேரத்தில் பற்றி ரிங்கையே உடைக்கும். ஹீட்டர் சூடாக இருக்கும்போது அடிப்பது இன்னும் மோசம், காற்றுக்குழாயிலேயே வெடிக்கலாம்.

இப்போது இரண்டாவது முயற்சிக்குள் கிளம்பிவிடுகிறது. ஒரு வாரம் நிறுத்திவைத்தால் மட்டும் இன்னும் எங்கோ ஏர் வாங்குகிறது. ஃபில்டர் வாஷர்களை மாற்றிவிட்டேன். அடுத்த சந்தேகம் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயின் மேல்.