காரைக்குடி வட்டாரச் சமுதாய வானொலி: நேயருக்குக் குறையில்லை, குழுத் தேர்தலில் நிற்பவருக்குத்தான் சிரமம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒலிபரப்பும் ஒரு சமுதாய வானொலியைப் பற்றிய மதிப்பீடு இது. நிர்வாகக் குழுத் தேர்தல் நெருங்கும் நேரம் என்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். நிற்கிறவர் எவருக்கும் இது சாதகமாகவோ பாதகமாகவோ போய்விடக் கூடாது. நிகழ்ச்சிகளைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். வானொலியை நடத்தும் சங்கத்துக்குச் சந்தா கட்டிய உறுப்பினர் ஒருவர் குழுவில் இடம் கேட்டு வந்தால் நிலையம் அவரை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் ஒலி. சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் வீச்சுத் திறன் 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. இதற்குள் 5 முதல் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். மலை மறைக்காத செட்டிநாட்டு நிலம் பண்பலைக்கு ஏற்றது. கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் வெட்டவெளியில் நன்றாகவே எடுக்கிறது. தேவகோட்டையில் எடுக்கவில்லை என்றால் அதற்கு நிலையத்தைக் குறை சொல்ல முடியாது, தொலைவு அப்படி. பெரிய வீடுகளில் தடித்த சுவர்களைத் தாண்டி உட்பகுதியான இரண்டாங்கட்டுக்குள் போகும்போது அலை மெலிந்துவிடும். ரேடியோவை நடு முற்றமான வளவில், வானம் தெரியும் இடத்துத் தூணோரம் வைத்து ஏரியலை முழுதாக நீட்டினால் சரியாகிவிடும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில், உள்ளூர் மக்களைக் கொண்டு தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. இந்த நிலையம் அதைத் தாராளமாகவே நிறைவேற்றுகிறது. கண்மாய் நீர்மட்டம், சந்தை விலை, ஆச்சிமாரின் பலகாரப் பக்குவம், மின்தடை அறிவிப்பு எல்லாம் நம் பேச்சிலேயே வருகின்றன.

இனி குழு இருக்கைக்கு வருவோம். "அண்ணே, குழுவுல நின்னா நிகழ்ச்சி குடுக்கலாமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நிகழ்ச்சி தருவதற்குக் குழுவில் இருக்கத் தேவையே இல்லை. தன்னார்வலராகப் பதிந்தால் போதும். நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தைப் பார்க்க ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழு என்று தனியாக ஒன்று உண்டு. 2024இல் மத்திய அரசு திருத்திய கொள்கைப்படி அதில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தேர்தல் நடப்பது அதற்கல்ல. வானொலியை நடத்தும் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. ஒலிபரப்பு அனுமதி அந்தச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. அதைத் தனிநபர் பெற முடியாது, வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. உரிமம் காலாவதியானாலும், கணக்கு தாக்கலாகாமல் போனாலும், ஒலிபரப்பு நின்றாலும் பதில் சொல்ல வேண்டியது இந்தக் குழுதான். நிலைய அறிவிப்பில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில்கூட விளக்காதது பெரிய குறை. குரல் வளம் உள்ளவர்கள் மைக்கை நினைத்து நின்று, ஜெயித்து, ஆறு மாதத்தில் கூட்டத்துக்கு வராமல் போவது இதனால்தான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. மற்றவை எல்லாம் சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், பதிலாள் வாக்கு உண்டா, எத்தனை மாதம் உறுப்பினராக இருந்தால் நிற்கலாம் என எல்லாமே அதில்தான். ஆகவே துணைவிதியின் நகலைக் கையில் வாங்காமல் யாரும் நிற்க வேண்டாம். அலுவலகத்தில் கேட்டால் "பார்த்துட்டுத் தர்றோம்" என்று நாள் கடத்துகிறார்கள். அப்படியானால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் பெறுவதே நல்லது. திருத்தங்கள் ஏற்றப்பட்ட பிரதி அதுதான். நிலையத்தில் கைமாறும் ஒளிநகல் பழையதாக இருக்கக்கூடும்.

வெற்றி தோல்வி முடிவாகும் இடம் உறுப்பினர் பதிவேடு. வாக்குப்பெட்டிக்கு வெகு முன்பே அது முடிந்துவிடும். இந்த நிலையத்தின் மிகப் பலவீனமான பகுதியும் அதுவே.

செட்டிநாட்டில் பதிவேடு வைப்பது ஏன் கடினம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தாத்தா பெயர் பேரனுக்கு வரும். ஒரே ஊரில் நாலைந்து சிதம்பரம், நாலைந்து மெய்யப்பன் இருப்பார்கள். வேறுபடுத்துவது விலாசம்தான், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கம். பதிவேட்டில் விலாசத்தைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். 'ராம.' என்பதும் 'ரா.' என்பதும் ஒருவரா இருவரா என்று வாக்குப்பதிவு அன்று தகராறு வருவது அதனால்தான். ஆதார் அட்டையில் ஆங்கில முன்னெழுத்து, சந்தா ரசீதில் தமிழ் முன்னெழுத்து, பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று. பெண் உறுப்பினர்களில் சிலர் தந்தை பெயரோடும் கணவர் பெயரோடும் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். இறந்தவர்கள் நீக்கப்படவில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஊர் முகவரியிலேயே இருக்கிறார்கள். அஞ்சலில் போகும் கூட்ட அறிவிப்பு பூட்டிய முகப்பிலிருந்து திரும்பி வருகிறது.

நகரத்தார் கோயில்களில் கல்யாணமான குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கும்! கல்யாணம் ஆனதும் புள்ளி ஏறும், யார் பெயரில் எத்தனை என்பது ஏட்டில் தவறாமல் நிற்கும். அந்த ஒழுங்கை அறிந்த ஊரில், சில நூறு பெயர் கொண்ட ஒரு பதிவேட்டைச் செம்மையாக வைக்க முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

நிற்க நினைப்பவர் நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் வேலை, தன் சந்தா நிலுவையில்லை என்பதற்கு ரசீது எண்ணோடு எழுத்தில் உறுதி பெறுவது. இரண்டாவது, முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரின் சந்தாவையும் அதேபோலச் சரிபார்ப்பது. இந்த நிலையத்தில் வேட்புமனு தள்ளுபடியாவதற்கு முதல் காரணம், வழிமொழிந்தவரின் சந்தா பாக்கி. கையில் பணம் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டிருப்பார். அது கணக்கில் ஏறியிருக்காது. மூன்றாவது, மனுவில் மூவர் பெயரையும் பதிவேட்டில் உள்ளபடியே, எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பிழையோடே எழுதுவது. திருத்தம் வேண்டுமானால் முன்கூட்டியே தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும், மனுவில் திருத்தி எழுதக் கூடாது. மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் நேரமும் போட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருகிறார்கள். கேட்டவர்களுக்கு மறுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மனுப் படிவத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. அரசியல் கட்சிகளும் அவற்றின் துணை அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தத் தகுதியற்றவை. அப்படியிருக்க, வேட்பாளர் கட்சிப் பொறுப்பில் இருக்கிறாரா என்று படிவம் கேட்பதே இல்லை. ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஓட்டுக் கேட்கப் போகும் முன் நிலையத்தின் பதிவுகள் சிலவற்றைப் படித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். இந்த நிலையம் அதற்கு மறுப்பதில்லை. தொழில்நுட்பப் பணியாளர் பொறுமையாக விளக்குகிறார். இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம். ஒலிபரப்புக் கருவியின் அன்றாடக் குறிப்பேட்டில் அனுப்பும் திறன், திரும்பி வரும் திறன் என இரண்டு எண்கள் இருக்கும். 50 வாட் அனுப்பும்போது 2 வாட்டுக்கு மேல் திரும்பினால் கேபிளிலோ ஆன்டெனா இணைப்பிலோ கோளாறு என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்பு முனைக்குள் நீர் இறங்குவதுதான் வழக்கமான காரணம். அதை அப்படியே விட்டால் கருவியின் டிரான்சிஸ்டர் சூடேறிக் கருகும். கோடையில் வேறு தொல்லை. செம்மண் புழுதி காற்றாடி வலையை அடைத்துவிடும்; தரை காய்ந்து இறுகி எர்த் குழியின் மின்தடை கூடிவிடும். கரியும் உப்பும் போட்ட குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறார்களா என்பது குறிப்பேட்டில் இருக்க வேண்டும். முதல் இடி மழை வரும்போது கருவியைக் காப்பது அந்தக் குடம் தண்ணீர்தான்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்.பி. ஆகும். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 90 நாளுக்கு 62 ஜி.பி. அளவு வரும். இதற்கு இடமில்லை என்று எந்த நிலையமும் சொல்ல முடியாது. இங்கே முறையாக வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரே ஹார்ட் டிஸ்கில். இரண்டாவது பிரதி வேண்டும் என்பதை எந்த வேட்பாளரும் வாக்குறுதியாகவே கொடுக்கலாம்.

வருமானத்தைப் பற்றி வாக்குறுதி தருபவர்கள் கவனிக்க வேண்டும். 2024 திருத்தத்தில் மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடமானது. அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. 12 நிமிடமும் அந்தக் கட்டணத்தில் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் என்று காகிதத்தில் வரும். அப்படி நிரம்புவதில்லை. நகைக்கடை, துணிக்கடை விளம்பரம் தீபாவளியை ஒட்டியும் முகூர்த்த மாதங்களிலும் வரும், ஆடியில் வற்றும். ஆடியில் மின்கட்டணமும் சம்பளமும் எதிலிருந்து போகும் என்று சொல்லக்கூடியவருக்கு வாக்களிக்கலாம்.

தேர்தல் நடத்தையில் ஒரு குறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேட்பாளராக நிற்கும் அறிவிப்பாளர்கள் வாக்குப்பதிவு வரை நிகழ்ச்சி தொடர்கிறார்கள். தினமும் ஒலிக்கும் குரலோடு, கோட்டையூரில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர் எப்படிப் போட்டியிடுவார்? மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து முடிவு வரும் வரை அவர்களுக்கு ஓய்வு தருவதும், எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, குலுக்கல் வரிசையில் ஒரே நாளில் ஒலிபரப்புவதும் செலவில்லாத ஏற்பாடு.

வாக்குப்பதிவு, எண்ணிக்கை நேர்மையாகவே நடக்கின்றன. வாக்குச்சீட்டில் அடிக்கட்டை எண் உண்டு, எண்ணும்போது வேட்பாளர் முகவர்களை உட்கார வைக்கிறார்கள். பொதுக்குழுவை முகூர்த்த நாளில் வைக்காமல் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். பங்குனியில் குன்றக்குடி உத்திரத்தை ஒட்டித் தேதி குறித்தால், வெளியூரில் இருப்பவர்களும் ஊரில் இருப்பார்கள்.

ஜெயித்தவர்களுக்கு முதல் மாத வேலை நிறைய. புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7இல் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகல் இல்லாமல் வங்கிக் கையொப்பத்தை மாற்றுவது கடினம். கையொப்பம் மாறாவிட்டால் சம்பளக் காசோலை கையெழுத்துக்கு முன்னாள் செயலரின் வீட்டுக்குத்தான் போகும். அலைவரிசை உரிமத்துக்கான சரல் சஞ்சார் என்ற தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தின் கடவுச்சொல்லும் ஓ.டி.பி. வரும் எண்ணும் பழைய செயலரின் சொந்தக் கைபேசியில் இருக்கும். பொறுப்பு ஒப்படைக்கும் அன்றே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அந்த எண்ணை நிலையத்தின் பொது எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அவர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டால், புதுப்பிக்கும் தேதி வரும்போது இங்கே ஓ.டி.பி. சொல்ல ஆள் இருக்காது.