கூட்டுக் கிளியைப் படமெடுக்க: கமராவா, போனா?

கூட்டில் அடைத்த கிளியைப் பற்றி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அனுப்பும் படத்தில் கிளியோடு கூடும் தெரியவேண்டும். 70-200 லென்ஸ் (தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் சூம் லென்ஸ்) போட்ட கமராவில் எஃப் 4 வைத்தால், அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால், விலங்கு கம்பிவலையிலிருந்து தள்ளி நிற்கும் பெரிய கூடுகளில் வலை மங்கி மறைந்துவிடும். படம் அழகாகத்தான் வரும். ஆனால் கூடு தெரியாத படத்தைப் பார்ப்பவர் ‘வடிவான கிளி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வன்னியில் விறாந்தையில் தொங்கும் சின்னக் கூட்டுக்கு போனே போதும். அகல லென்ஸைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், கூடு பெரிதாகத் தோன்றும். இரண்டடி பின்னுக்கு வந்து 2 மடங்கு சூமில் எடுங்கள். போன் கம்பியில்தான் ஃபோகஸ் பிடிக்கும். கிளியின் கண்ணில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். வெளியே வெயில் கொளுத்துவதால் கிளி கறுத்துப்போகும், போன் திரையில் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

முதலில் முழுக் கூடு, பிறகு நெஞ்சு. நெஞ்சில் இறகு கொட்டி, அலகு எட்டாத தலையில் மட்டும் இறகு முழுதாய் இருந்தால், பெரும்பாலும் தானே பிடுங்கியது. கூட்டின் பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள். பச்சைக்கிளி வாலோடு சுமார் 40 சென்ரிமீற்றர்; கூடு அதற்குப் போதுமா என்பதை அடிமட்டம் சொல்லும்.

வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அனுப்பும்போது மூலக் கோப்பையே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும்.