சுங்கை சிப்புட்டில் ஒரு பாலர் பள்ளி: அழுகிற பிள்ளைக்குச் சரிவருமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில், கடைவீட்டு மாடியில் இருக்கிற இடம், பெயர் வேண்டாம். எங்கள் நான்கு வயது மகள் இங்கேதான் போகிறாள். முதல் வாரம் அம்மாவை வகுப்பிலேயே உட்கார விடுகிறார்கள், அப்புறம் கதவு வரை, அப்புறம் படிக்கட்டு வரை. சொல்லாமல் நழுவிப் போகக்கூடாது என்பதில் டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. நியாயம்தான். பெற்றோரைப் பிரிகிற பயம் மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிட்டாலும் புது இடம், புது முகம் என்றால் திரும்பத் தலைகாட்டும், அதிலும் ‘பன்னிரண்டு மணிக்கு வருவேன்’ என்பது மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன புரியும்? இங்கே “சாப்பிட்டு, கை கழுவி, பையை மாட்டினதும் அம்மா வந்துடுவாங்க” என்கிறார்கள். அது புரிகிறது. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகையில் எல்லாமே தெரிந்த முகம், இந்தத் தொல்லையே இல்லை என்பார் என் மாமியார்.

குறை கழிவறை. இருட்டு, தாழ்ப்பாள் உயரத்தில், ஃப்ளஷ் இழுத்தால் பெரிய சத்தம். அதற்குப் பயந்தே மகள் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் விளக்கு மாற்றினார்கள், தாழ்ப்பாள் அப்படியேதான் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கழிவறையையும் காட்டிவிடுங்கள்.